வியாழக்கிழமை கொரட்டூருக்குப் போகிறவர்

பருத்திப்பட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்த ஆரோக்கியசாமி, குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்காகக் கொரட்டூர் வரை ரயிலேறிப் போனதற்கு ஒரு பொய்தான் காரணம். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, அதிலிருந்த எண்ணை அழுத்தினார். எடுத்தவர் பெயரைக் கேட்கவில்லை; எந்த ஏரியா என்று மட்டும் கேட்டார். பருத்திப்பட்டு என்றால் இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில், வாய்க்கு வந்த ஸ்டேஷன் பெயரைச் சொன்னார். "கொரட்டூரா? வியாழக்கிழமை சாயங்காலம் வந்துடுங்க" என்று இடத்தைச் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்திலேயே ஒரு கூட்டம் நடப்பது பிறகுதான் தெரிந்தது.

போய்ப் பார்த்தால் அங்கே ஒருவர்கூடக் கொரட்டூர்க்காரர் இல்லை. ஒருவர் அம்பத்தூர், ஒருவர் திருமுல்லைவாயல். கூட்டத்தை நடத்தும் சம்பந்தம், கரையான்சாவடியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். கொரட்டூர்க் குடிகாரர்கள் எல்லாம் ஆவடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தெருவில் வேட்டி அவிழ்ந்து கிடந்ததை ஊரே பார்த்தது பற்றி இவர்களில் யாருக்கும் வெட்கமில்லை. திருந்தப் போவதைத்தான் தெரிந்தவன் பார்த்துவிடக் கூடாது. நம் ஜனங்களின் மானம் அப்படிப்பட்டது.

கூட்டம் நடப்பது ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு அறையில். பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் டெஸ்க்கில் இடிக்கும். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்ல வேண்டும். இடையில் யாரும் பேசக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது. கடைசியில் டீயும் சுண்டலும் உண்டு. எல்லோரும் எழுந்து போகும் முன் சம்பந்தம் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்வார்: "இங்க கேட்டது இங்கயே இருக்கட்டும்."

ஆரோக்கியசாமி அங்கே முதல் முறை பேசியபோது தன் வீட்டு வாசலைப் பற்றித்தான் பேசினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனிக்குப் போய் வரும் அவர் மனைவி ஞானகுமாரி, தினமும் அந்த வாசலில் நின்றுகொண்டு, "ஊது" என்பாள். அவர் அவள் முகத்துக்கு நேரே ஊத வேண்டும். நாற்றம் வந்தால் அன்றைக்குச் சாப்பாடு வாசலில், வராவிட்டால் உள்ளே. வெங்காயம், ஏலக்காய், கொய்யா இலை, எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்றும் அவளிடம் பலித்ததில்லை. மகள் ஸ்டெஃபிக்குக் கோவிலில் உறுதிப்பூசுதல் சடங்கு முடிந்து நடந்த விருந்தில் கேக் மேசையோடு சேர்ந்து விழுந்த அன்றுகூட அவள் அழவில்லை; தூக்கி நிறுத்தி, எல்லார் முன்னாலும் ஊதத்தான் சொன்னாள்.

கொரட்டூருக்குப் போக ஆரம்பித்துப் பல மாதம் கழித்து ஒரு நாள், அவர் வாசலில் நின்று வழக்கம்போல வாயைத் திறந்தார். ஞானகுமாரி கையில் கரண்டியோடு திரும்பிப் பார்த்துவிட்டு, "உள்ள வா, ஆறிடப் போவுது" என்று போய்விட்டாள். அந்த வியாழக்கிழமை மூன்றாம் வகுப்பு அறையில் அவர் அதைச் சொல்ல முடியாமல் சொல்லி அழுதார். அவர் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பட்டம் எதையும் வாங்கியதில்லை.

ஒரு வருடம் முடிந்தது. கேடு அங்கேதான் ஆரம்பித்தது.

ஞானகுமாரி மாதாவிடம் நேர்ந்துகொண்டிருந்தாள்: ஒரு வருடம் இவர் குடிக்காமல் இருந்தால் நன்றித் திருப்பலி வைப்பேன் என்று. நேர்ந்ததைச் செய்யாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. கோவிலின் பங்கு அலுவலகத்தில் போய்ச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். புருஷனிடம் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தாள். பூசை தொடங்கும் முன், யார் யார் எதற்காகப் பூசை வைத்திருக்கிறார்கள் என்ற கருத்துகளை ஒலிபெருக்கியில் வாசிப்பது வழக்கம். தேர்வில் தேறியவர், வெளிநாட்டு வேலை கிடைத்தவர், சுகப் பிரசவம் ஆனவள் என்று வாசித்துக்கொண்டே வந்த பெண், அதே குரலில், "குடிப்பழக்கத்திலிருந்து விடுதலை கொடுத்த அன்னைக்கு நன்றியாக, வேன் டிரைவர் ஆரோக்கியசாமி குடும்பத்தார்" என்று வாசித்தாள்.

ஞானகுமாரி கண்ணீரோடு சிலுவை போட்டுக்கொண்டாள். ஆரோக்கியசாமிக்குக் காது அடைத்துப் போயிற்று. முன் வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. இரண்டும் அவர் வேனில் பிள்ளைகளை அனுப்புகிற தாய்மார்கள்.

பூசை முடிந்து பிரியாணிக்கு அரிசி களைவதற்குள் விஷயம் ஏரிக்கரை அபார்ட்மெண்டின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ரியா என்ற பெண்தான் முதலில் எழுதினாள்: நம் குழந்தைகளை ஒரு குடிகாரர் கூட்டிப் போகிறார் என்று நமக்கு யாருமே சொல்லவில்லையே? அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் பெற்றவள். ஆனால் ஒன்பது வருடமாக அந்த வேனை ஓட்டியவர், அதில் எட்டு வருடம் முந்தின இரவின் சரக்கு ரத்தத்தில் ஓட, கண் சிவக்க வந்து நின்றவர். அப்போதெல்லாம் அவர் நல்ல டிரைவர், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் உண்டு. குடிக்காத முதல் வருடத்தில் அவர் குடிகாரர் ஆகிவிட்டார். இந்த நியாயத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேன் சொந்தக்காரர் கிருபாகரன் சாவியை வாங்கிக்கொண்டார். "எனக்குத் தெரியும் ஆரோக்கியம், நீ இப்போ சுத்தமா கீற. ஆனா அவங்களுக்கு நான் இன்னான்னு சொல்றது?" என்றார். அடுத்த நாளே செங்கல்வராயனை அந்த சீட்டில் உட்கார வைத்தார். செங்கல்வராயன் ஆரோக்கியசாமியோடு பல வருடம் ஒரே டம்ளரில் குடித்தவன். அவன் பெயரை எந்த மைக்கிலும் யாரும் வாசித்ததில்லை. அதனால் அவன் நல்லவன்.

ஞானகுமாரி ஒரு வாரம் சாப்பிடவில்லை. "நான் நல்லதுக்குத்தானே பண்ணேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆரோக்கியசாமி ஒரு வார்த்தை திட்டவில்லை. தண்ணீர் கேன் போடுகிற வண்டியில் கூலிக்குப் போனார். வியாழக்கிழமை தவறாமல் ரயிலேறினார். குடிக்கத் தோன்றியதா என்றால், தோன்றியது. டாஸ்மாக் வழியாகக் கேன் வண்டி போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை, மூன்றாம் வகுப்பு அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு செங்கல்வராயன் வந்தான். எப்போதோ அந்த முகவரியைக் கொடுத்தவர் ஆரோக்கியசாமிதான். கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவன், முறை வந்ததும் எழுந்து நின்று தரையைப் பார்த்துப் பேசினான்.

"காலைல ஒரு வாய் உள்ள போவலன்னா கை நிக்க மாட்டேங்குது. கை நிக்கலன்னா ஸ்டியரிங்க புடிக்க முடியாது. பின்னால குழந்தைங்க கீது. அதுங்க நல்லபடியா போய்ச் சேரணும்னுதான் நைனா குடிக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் இப்படியொரு கணக்கைப் போட்டு, அதை நம்பி வாழ்ந்தவர்கள். சம்பந்தம் வழக்கம்போல, "இங்க கேட்டது இங்கயே இருக்கட்டும்" என்றார்.

ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில் நின்றபோது ஆரோக்கியசாமி சம்பந்தத்திடம் கேட்டார். "அண்ணே, அந்த வேன்ல போறதுங்க எல்லாம் நான் தூக்கி ஏத்தின புள்ளைங்க. வெளிய சொல்லிடட்டா?"

சம்பந்தம் அவரைக் கூட்டத்திலிருந்து தள்ளி அழைத்துப் போனார். "சொன்னா அவன் இந்த ரூமுக்கு வர மாட்டான். அவன் மட்டும் இல்ல, இன்னிக்கு அங்க உக்காந்துகினு இருந்த ஒருத்தனும் இனிமே வாயத் தொறக்க மாட்டான். உனக்கு ஆனது எல்லாருக்கும் தெரியும். சொல்லலன்னா..." என்று நிறுத்தினார். "எனக்குத் தெர்ல சாமி. அவன் கிட்டயே போய் நில்லு. வேற வழி எனக்குத் தெர்ல."

மறுநாள் காலையிலிருந்து ஆரோக்கியசாமி செங்கல்வராயன் வீட்டு வாசலில் போய் நின்றார். ஏரிக்குப் போகும் சந்தில் வீடு. வேனும் அங்கேதான் நிற்கும். வேலைக்குக் கெஞ்ச வந்திருக்கிறார் என்று சந்துக்காரர்கள் நினைத்தார்கள்.

"ஊது மச்சான்."

"இன்னா மாமே, என் பொண்டாட்டி கூட இப்டி கேட்டதில்ல."

"ஊதுடா."

ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடு, நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். "ஒரு நாள் லீவு போட்டா ஓனர் வேற ஆளைப் போட்டுடுவாரு. உனக்கு நடந்தது பாத்துகினுதானே இருந்தேன்" என்றான் அவன். அதனால் இப்படி ஓர் ஏற்பாடு ஆயிற்று: காலையில் தொடக் கூடாது. ஆரோக்கியசாமி கூடவே உட்கார்ந்து, சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயைக் குடிக்க வைத்து, இட்லியை ஊட்டாத குறையாக ஊட்டி, கை கொஞ்சம் அடங்கியதும் அனுப்பினார். சில நாள் அது நடந்தது. வேன் திரும்பி வரும்வரை அவருக்கு எந்த வேலையும் ஓடாது.

ராத்திரியெல்லாம் மழை கொட்டிய ஒரு காலையில் அவர் போனபோது, ஊதச் சொல்லவே தேவைப்படவில்லை. சந்திலேயே வாடை வந்தது. செங்கல்வராயன் சாவியோடு வேன் கதவைத் திறந்துகொண்டிருந்தான். ஆரோக்கியசாமி சாவியைப் பிடுங்கி, அவனைப் பக்கத்து சீட்டில் தள்ளி, தானே வண்டியை எடுத்தார். முதல் நிறுத்தம் அபார்ட்மெண்ட் கேட். இன்னும் ஒரு பிள்ளையும் ஏறவில்லை.

ரியா குடையோடு நின்றிருந்தாள். ஸ்டியரிங்கில் இருப்பது யாரென்று பார்த்ததும் மகனைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க எப்படி வண்டியில? இறங்குங்க! செக்யூரிட்டி!"

ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரோ கிருபாகரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். "சாவிய செங்கல்வராயன் கிட்ட குடுத்துட்டுப் போ ஆரோக்கியம். அவன் புள்ளைங்கள ஏத்தினு போவட்டும்" என்றது குரல்.

செங்கல்வராயன் கீழே இறங்கி, வாயில் பாக்கை அடக்கிக்கொண்டு தள்ளி நின்றிருந்தான். "நான் பாத்ரூம் போன நேரமா சாவிய எடுத்துகினு சீட்ல உக்காந்துட்டாருங்க, நானும் கூடவே ஏறிட்டேன்" என்று யாரிடமோ சொன்னான். பிறகு கையை நீட்டினான். பிள்ளைகள் மழைக்கோட்டோடு வரிசையாக நின்றார்கள்.

ஒரு வார்த்தை போதும். இவன் வாயை மோந்து பாருங்கள் என்று சொன்னால் போதும். வேன்கூடத் திரும்பக் கிடைக்கும். ஆரோக்கியசாமி செங்கல்வராயனின் நீட்டிய கையைப் பார்த்தார். கேட்டை ஒட்டிய மழைநீர்க் கால்வாயின் மூடி உடைந்து, தண்ணீர் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. சாவியை அதற்குள் வீசினார்.

டிராக் பேண்ட் போட்ட ஒரு தகப்பன் அவரைக் கன்னத்தில் அறைந்தார். அதற்கப்புறம் யார் யார் அடித்தார்கள் என்று தெரியாது. ரோந்து போலீஸ் வந்து விலக்கி, மெஷினை நீட்டி ஊதச் சொன்னார்கள். ஊதினார். ஒன்றுமில்லை. போலீஸ்காரர் மெஷினைத் தட்டிவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் ஒன்றுமில்லை.

"குடிக்கலன்னா எதுக்கு சாவியைத் தூக்கிப் போட்டாரு? கேளுங்க சார்" என்றாள் ரியா.

கேட்டார்கள். அவர் பேசவில்லை. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது. செங்கல்வராயனை ஊதச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகள் அவரவர் வீட்டு ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள். மழையில் வந்து சேர்ந்த கிருபாகரன், "கேஸ் வேணாம் சார், பாவம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆரோக்கியசாமியைப் பார்த்தார். "ஸ்பேர் சாவி ஊட்ல கீது. சாயங்காலம் அவன் கிட்ட குடுத்துடுவேன், நாளைக்கு அவன்தான் எடுப்பான். இந்தப் பக்கம் உன்னைப் பாத்தேன், நானே தூக்கி உள்ள வெச்சிடுவேன்."

வீட்டு வாசலில் ஞானகுமாரி நின்றிருந்தாள். அவர் வருவதற்குள் நாலு பேர் போன் பண்ணிவிட்டிருந்தார்கள். கிழிந்த உதட்டை அவள் பார்க்கவில்லை.

"ஊது."

ஆரோக்கியசாமி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அடி வாங்கியபோது வராத அழுகை அப்போது வந்தது. ஊதினார். ரத்தமும் டீயும் தவிர வேறு வாடை இல்லை.

"குடிக்கல," என்றாள் அவள். "குடிக்கலயே! அப்புறம் ஏன்யா? இன்னாதான் ஆச்சு? என் கிட்ட கூடவா சொல்ல மாட்ட?"

"உன் கிட்ட சொன்னா கோவில்ல வாசிச்சிடுவ."

இத்தனை மாதம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றே ஒன்றை அன்றைக்குச் சொல்லிவிட்டார். ஞானகுமாரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அவர் கிளம்பினார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கொஞ்சம் விட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள்.

செங்கல்வராயன் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். ஸ்பேர் சாவி தரையில் கிடந்தது. அவன் மனைவி சரசா பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"நேத்து அங்கேர்ந்து வந்ததுல இருந்து தொடல மச்சான். உன்ன அடிக்கிறாங்க, நான் பாத்துகினு நிக்கிறேன். நானெல்லாம் மனுஷனா?" இரண்டு கையையும் நீட்டினான். விரல்கள் தனித்தனியே ஆடின. "எடுக்கணும்னு குனிஞ்சேன், சாவி கையில நிக்கல. ஒரு வாய் போட்டா நிக்கும். இன்னா பண்ண சொல்ற?"

"வண்டி நிக்கட்டும். எந்திரி."

சாவியை சரசாவிடம் கொடுத்து, ஓனரிடம் சேர்த்துவிடச் சொன்னார். அவனைத் தோளில் தாங்கி பஸ் நிறுத்தத்துக்கு நடத்திக்கொண்டு வந்தார். நடக்க முடியாமல் அவன் சாய, இவரும் சாய, இரண்டு பேரும் சேற்றில் ஒரு முறை விழுந்து எழுந்து பஸ் ஏறினார்கள். பால் வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

ஞானகுமாரியும் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாள். அவள் பார்த்தது கைகளை. அந்த நடுக்கம் குடித்தவனுக்கு வருவதில்லை, குடியை விட்டவனுக்குத்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். தன் வீட்டில் இராப்பகலாகப் பார்த்தது. யாருடைய வாயை மறைக்கப் புருஷன் தன் வாயை உடைத்துக்கொண்டார் என்று அவளுக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் பருத்திப்பட்டு தீர்ப்பு எழுதிவிட்டது. ஆரோக்கியசாமி மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டான். ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்த செங்கல்வராயனையும் பொறாமையில் கெடுத்துவிட்டான். இரண்டு பேரும் விடிகாலையிலேயே போதையில் சேற்றில் புரண்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அவர்கள் தெருவின் அன்பியக் கூட்டம், பங்கின் பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பது. ஞானகுமாரி போகாமல் இருந்திருக்கலாம். போனாள். எல்லாப் பெண்களும் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். நடத்துகிற ஃபிலோமினா அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஊட்டுக்காரருக்காக விசேஷமா வேண்டிக்கலாமா ஞானம்? மறுபடி உழுந்துட்டாராமே?"

அவர் விழவில்லை அக்கா என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்தது வரும், கடைசியில் ஒரு பெயர் வரும். ஞானகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாக்கா. வேண்டிக்கோங்க."

செங்கல்வராயனை ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்துவிட்டு ஆரோக்கியசாமி அந்த வழியாகத்தான் வந்தார். ஜன்னல் திறந்திருந்தது. "சகோதரர் ஆரோக்கியசாமி குடியின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டும் எழுந்து வர" என்று ஃபிலோமினா அக்கா சொல்ல, பெண்கள் எல்லோரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். அந்தக் குரல்களில் ஒன்று தன் மனைவியுடையது என்று அவருக்குத் தெரிந்தது. அவளும் நம்பிவிட்டாள் என்று நினைத்தார். நிற்காமல் நடந்தார்.

அவள் திரும்பி வந்தபோது அவர் வீட்டு வாசலில், படிக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, கிழிந்த உதட்டைக் கஷ்டப்பட்டுத் திறந்தார்.

ஞானகுமாரி தன் கையால் அவர் வாயை மூடினாள்.

"வோணாம். உள்ள வா, சாப்டு," என்றாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவறப்போ சொல்லு. அவருக்கும் கஞ்சி வெச்சித் தரேன்."